பிரிட்டிஷ் தேசியத்தைக் கட்டியது பேரரசா, அரசாங்கமா?

கருங்குயில்:

பேரரசு இருந்தவரை ‘நாமெல்லாம் பிரிட்டிஷ்’ என்ற உணர்வு இருந்தது, பேரரசு போனதும் அதுவும் கரைய ஆரம்பித்தது, ஸ்காட்லாந்து பிரியப் பார்ப்பதும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டும் அதன் மிச்ச வேலைதான் என்று பல இடங்களில் படிக்கிறேன். சொல்வதற்கு வசதியான கதை. ஆனால் வருடங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஒட்டவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்த இழை.

1707-லிருந்து வருகிறேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்துக்குள் வந்தது ஒரு பேரத்தால். ஸ்காட்லாந்துக்காரர்கள் பனாமா பக்கம் டேரியன் என்ற இடத்தில் சொந்தமாகக் குடியேற்றம் அமைக்கப் போய், 1698-க்கும் 1700-க்கும் நடுவில் ஆளையும் பணத்தையும் ஒருசேரத் தொலைத்துவிட்டு வந்தார்கள். பங்கு போட்ட பிரபுக்களும் வியாபாரிகளும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரம் பார்த்து 1705-ல் லண்டன் ஒரு சட்டம் போட்டது: இணைப்புப் பேச்சுக்கு வராவிட்டால் உங்களை அந்நியர்களாக நடத்துவோம், உங்கள் லினன் துணி, மாடு, நிலக்கரி எதுவும் எல்லை தாண்டி வராது. இணைப்பு முடிந்ததும் ஈட்டுத் தொகையாகச் சுமார் 3,98,000 பவுண்டு வடக்கே போனது, அதில் ஒரு பகுதி டேரியனில் பணம் விட்டவர்களுக்கே. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. சட்டம், நீதிமன்றம், திருச்சபை, பல்கலைக்கழகம் எல்லாம் ஸ்காட்லாந்திடமே இருந்தன. அபர்டீனில் ஒருவர் ஞானஸ்நானம் வாங்குவது முதல் வழக்குப் போடுவது வரை ‘பிரிட்டன்’ அவர் எதிரே வராது. வந்தால் மால்ட் வரி வசூலிப்பவன் உருவத்தில் வரும், அதற்கும் 1725-ல் கிளாஸ்கோவில் கலவரம்.

அப்படியானால் சாதாரண மனிதன் எப்போது தன்னை பிரிட்டிஷ் என்று நினைத்தான்? பெரிய அளவில் அது நடந்தது 20-ஆம் நூற்றாண்டில், ஓய்வூதியம், ரேஷன், மருத்துவமனை வழியாகத்தான் என்பது என் கட்சி. அதற்கு முன் அது பெரும்பாலும் மேல்தட்டு விவகாரம். அடித்து நொறுக்குங்கள், பார்க்கலாம்.

பழையபேட்டை:

கருங்குயில் அண்ணே, வரி, பேரம் எல்லாம் சரி, மதத்தை எங்கே விட்டீர்கள்? 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் மதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே நிற்காது.

1701 சட்டப்படி கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏற முடியாது. அதனால் 1714-ல் ராணி ஆன் இறந்ததும், ரத்த உறவில் அவரைவிட நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டிப் போய், ஜெர்மனியில் ஹானோவரில் இருந்த ஜார்ஜைக் கூட்டிவந்தார்கள். மனிதருக்கு ஆங்கிலம் சரியாக வராது. வராவிட்டால் என்ன, புராட்டஸ்டன்ட். இனம் மொழி பார்த்த தேசியமாக இருந்தால் இப்படிச் செய்வார்களா?

அப்புறம் பிரான்ஸ். 1689-லிருந்து 1815 வரை நடுநடுவே மூச்சு விட்டுக்கொண்டு அவர்களோடு சண்டைதான். எதிரே இருப்பவன் கத்தோலிக்கன், சர்வாதிகார அரசன், மரக்காலணி போட்ட பஞ்சப் பரதேசி. நாம் புராட்டஸ்டன்ட், சுதந்திரன், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவன். கேலிச்சித்திரங்கள் முழுக்க இதுதான். 1745-ல் அரியணை தனக்கே என்று கிளம்பிய கத்தோலிக்கர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்து மலைநாட்டு (ஹைலேண்ட்) படையோடு இங்கிலாந்துக்குள் டெர்பி வரை இறங்கி வந்தாரே, அந்தப் பயத்தில்தான் லண்டன் நாடக அரங்குகளில் ராஜாவைக் காக்கச் சொல்லும் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள், இன்றைய தேசிய கீதம் அதுதான். ‘ரூல் பிரிட்டானியா’ அதற்கும் ஐந்து வருடம் முந்தியது, 1740. எழுதிய ஜேம்ஸ் தாம்சன் ஸ்காட்லாந்துக்காரர் என்பதைக் கவனியுங்கள்.

மேல்தட்டு விவகாரம் என்கிறீர்கள். கத்தோலிக்கர்கள் மேலிருந்த சில தடைகளை 1778-ல் தளர்த்தியதற்கு, 1780 ஜூனில் லண்டனில் பல நாள் தீ வைத்தார்கள். நியூகேட் சிறையையே கொளுத்தினார்கள். ராணுவம் சுட்டு நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிரபுக்கள் எத்தனை பேர்? தொழில் பழகும் பையன்களும் கூலிக்காரர்களும்தான். அசிங்கமான தேசியம்தான், ஆனால் கீழ்த்தட்டு வரை போயிருந்தது.

மிளகுரசம்:

பழையபேட்டை சொன்னது பாதிதான். பிரான்ஸ் மேல் வெறுப்பு இருந்ததாலேயே ஸ்காட்லாந்துக்காரனை இங்கிலாந்துக்காரன் தன்னவன் என்று ஏற்றுக்கொண்டான் என்றாகிவிடாது. 1760-களில் லண்டன் அரசியல்வாதி ஜான் வில்க்ஸ் பிழைப்பு நடத்தியதே ஸ்காட்லாந்துக்காரப் பிரதமர் பியூட்டைத் திட்டித்தான். ஸ்காட்லாந்துப் படித்தவர்கள் பலர் தங்கள் நாட்டை ‘வட பிரிட்டன்’ என்று எழுதிக்கொண்டார்கள், இங்கிலாந்தில் எவனும் தன் ஊரைத் ‘தென் பிரிட்டன்’ என்று எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. டிரஃபால்கரில் நெல்சன் ஏற்றிய கொடிச் செய்தியிலும் ‘இங்கிலாந்து எதிர்பார்க்கிறது’ என்றுதான் இருந்தது, கப்பல்களில் மற்ற மூன்று நாட்டுக்காரர்களும் நின்றார்கள்.

ஸ்காட்லாந்துக்காரனுக்கு பிரிட்டன் ருசித்தது எங்கே என்றால் நம்ம ஊரில். லண்டனில் வாய்ப்பு கிடைக்காதவர்களுக்குக் கிழக்கிந்தியக் கும்பெனியில் வாய்ப்பு கிடைத்தது. தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ கிளாஸ்கோக்காரர். 1799-ல் சீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் முதலில் படையை நடத்திய பெய்ர்டும் ஸ்காட்லாந்துதான். சுவடி சேகரித்த காலின் மெக்கன்சி அதற்கும் வடக்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னவேயிலிருந்து 1783-ல் மெட்ராஸ் வந்தவர், அவர் சேர்த்ததில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். இப்படி வந்தவர்கள் மெட்ராஸில் எல்லாரோடும் கலந்து பிரிட்டிஷ் ஆகிவிட்டார்களா? இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில்கள் இருக்கும்போதே எழும்பூரில் தங்களுக்கென்று தனியாக செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் கட்டிக்கொண்டார்கள், 1821-ல் திறந்தது. 1837-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிப் பின்னால் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்ததும் ஸ்காட்லாந்து மிஷனரிகளின் வேலை. ஸ்காட்லாந்துக்காரனாகவே இருந்துகொண்டு சம்பளம் மட்டும் பிரிட்டிஷாக வாங்கலாம் என்ற ஏற்பாட்டைப் பேரரசு கொடுத்தது. அது போனால் அந்த ஏற்பாடும் போகத்தானே செய்யும்? ஆக நீங்கள் கிண்டல் செய்யும் கதையில் சரக்கு இருக்கிறது.

வடகடல்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கிளாஸ்கோவில் கனகாலமாக இருக்கிறேன், எனவே பக்கத்திலிருந்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மிளகுரசம் சொன்ன ஏற்பாட்டுக்கு இங்கே வீட்டுக்குள்ளேயும் ஒரு நாடகம் போட்டார்கள். 1746-ல் சார்ல்ஸ் படை கலோடனில் தோற்ற பிறகு ஹைலேண்ட் உடை உடுத்தவே தடை, 1782 வரை. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது அந்த உடையைப் போடுவதென்றால் ராஜாவின் துப்பாக்கியையும் தூக்க வேண்டும். பிறகு 1822-ல் நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் விழா ஏற்பாடு செய்து, ஊரையே டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணி உடுத்த வைத்து, அந்தப் பருத்த ராஜாவுக்கும் கில்ட் என்ற பாவாடையை மாட்டிவிட்டார். தாழ்நிலத்துக்காரர்கள் அதுவரை ஹைலேண்ட் ஆட்களைத் திருடர் கூட்டம் என்று ஏசியவர்கள், அன்று முதல் அந்த உடை முழு ஸ்காட்லாந்துக்கும் பொது அடையாளமாகிவிட்டது. அதே காலத்தில் மறுபக்கம் ஆட்டுப் பண்ணைக்காக ஹைலேண்ட் குடியானவர்களை நிலத்திலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தார்கள். உடை வேண்டும், உடுத்தியவன் வேண்டாம்.

இங்கே நடந்த பிரிட்டிஷ் தேசியத்தின் சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்து அடையாளத்தை அழிக்கவில்லை, அரசியலை உருவிவிட்டு அலங்காரமாக வைத்துக்கொண்டார்கள். வேல்ஸிலும் இதே மாதிரி, 1911-ல் இளவரசருக்குக் கார்நார்வன் கோட்டையில் பட்டம் சூட்டிய விழா லாயிட் ஜார்ஜ் முன்னின்று நடத்தியது, பழைய மரபு மாதிரி தெரியும், பெரும்பகுதி புதுசாக ஜோடித்தது.

தேன்கூடு:

எல்லாரும் அயர்லாந்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களே!

கருங்குயில்:

சுற்றிப் போகவில்லை தேன்கூடு, நீங்கள் எழுதுவீர்கள் என்று விட்டுவைத்தேன். எழுதுங்கள்.

தேன்கூடு:

சரி, எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பேரரசு ஒட்டுப்பசை என்பவர்கள் அயர்லாந்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஐந்தில் இரண்டு பேர் ஐரிஷ்காரர்கள். பேரரசில் வேலை, பதவி எல்லாம் அவர்களுக்கும் கிடைத்தது. ஆனாலும் ஒட்டவில்லை. ஏன்?

1798 கிளர்ச்சியை நசுக்கிவிட்டு 1801-ல் அயர்லாந்தை இணைத்தார்கள், வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், 100 இடம் கொடுத்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை கூடவே வரும் என்று பிரதமர் பிட் நம்பிக்கை ஊட்டினார். மூன்றாம் ஜார்ஜ், என் முடிசூட்டுச் சத்தியத்துக்கு விரோதம் என்று மறுத்துவிட்டார், பிட் பதவி விலகினார். உரிமை வந்தது 1829-ல், அதுவும் முந்தைய வருடம் டேனியல் ஓ’கானெல் கிளேர் தொகுதியில் ஜெயித்து, இனி கொடுக்காவிட்டால் ஊர் பற்றி எரியும் என்ற நிலைமை வந்த பிறகு. நாட்டில் பெரும்பான்மையை 28 வருடம் வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே வா நீயும் நம்ம ஆள் என்றால் எவன் நம்புவான்?

அப்புறம் பஞ்சம். 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் சுமார் 82 லட்சம் பேர், 1851-ல் சுமார் 65 லட்சம். பத்து லட்சம் அளவுக்குச் செத்தார்கள், மற்றவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சத்தின் நடுவில், 1847-ல், நிவாரணச் செலவை அயர்லாந்தின் உள்ளூர் வரிதாரர்களே ஏற்க வேண்டும் என்று தள்ளிவிட்டது வெஸ்ட்மின்ஸ்டர். ஒரே நாடு, ஒரே கஜானா என்று சொல்லிச் சேர்த்த நாற்பத்தாறாம் வருடம் அது. யார்க்ஷயரில் இப்படிச் சாவு விழுந்திருந்தால் யார்க்ஷயர் சமாளித்துக்கொள்ளட்டும் என்றிருப்பார்களா?

இந்த இடத்தில் கருங்குயிலோடு பாதி ஒத்துப்போகிறேன். நெருக்கடியில் அரசாங்கம் உன்னைத் தன் ஆளாக நடத்துகிறதா என்பதுதான் தேசியத்தைத் தீர்மானிக்கிறது. 1916 எழுச்சியும் 1922-ல் சுதந்திர நாடு பிரிந்ததும் அந்தப் பஞ்சத்தின் பேரப்பிள்ளைகள் செய்தவை.

கருங்குயில்:

தேன்கூடு என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். இப்போது 1955-க்கு வருகிறேன், இந்த இழையைத் தொடங்கியதே இந்த ஒரு தேர்தலுக்காகத்தான்.

1947-ல் இந்தியா போயிற்று. 1948-ல் பர்மாவும் இலங்கையும். பேரரசுதான் பசை என்றால் 1955-ல் ஸ்காட்லாந்தில் விரிசல் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? கன்சர்வேட்டிவ்களின் ஸ்காட்லாந்துக் கிளையான யூனியனிஸ்டுகள் கூட்டாளிகளோடு சேர்ந்து 50.1 சதவீத வாக்கு வாங்கினார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி லேபருக்கு, அவர்களும் பிரிட்டன் முழுமைக்குமான கட்சி. 1934-ல் தொடங்கிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மூன்று நூற்றாண்டுக் கதையில் பிரிட்டிஷ் உணர்வு உச்சத்தில் நின்றது அந்தக் காலம் என்றுதான் சொல்வேன்.

ஏனென்றால் அப்போதுதான் அரசாங்கம் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. 1909 ஜனவரி முதல் முதியோர் ஓய்வூதியம், தபால் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம், வடக்கே ஸ்கை தீவாக இருந்தாலும் தெற்கே சசெக்ஸாக இருந்தாலும் ஒரே தொகை. 1911-ல் தேசியக் காப்பீடு. 1922-ல் பிபிசி. 1940-லிருந்து ரேஷன் புத்தகம். 1947 ஜனவரி 1 அன்று நிலக்கரிச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டபோது வாசலில் பலகை வைத்தார்கள், இந்தச் சுரங்கம் இனி மக்களின் சார்பில் நடத்தப்படுகிறது என்று. ஸ்காட்லாந்தின் ஃபைஃபிலும் தெற்கு வேல்ஸிலும் இங்கிலாந்தின் டர்ஹாமிலும் ஒரே பலகை. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை, கொண்டுவந்த அனைரின் பெவன் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி. பிரிட்டிஷ் ரயில்வே, பிரிட்டிஷ் ஸ்டீல், பிரிட்டிஷ் கேஸ் என்று சம்பளச் சீட்டிலேயே அந்தப் பெயர். ஃபைஃப் சுரங்கத்துக்காரனுக்கு பிரிட்டன் என்பது இதெல்லாம்தான், டெல்லி தர்பார் இல்லை.

அந்தப் பெயர்ப்பலகைகளை எப்போது கழற்றினார்கள்? 1984 டெலிகாம், 86 கேஸ், 87 ஏர்வேஸ், 88 ஸ்டீல். தேசபக்தி பற்றி அதிகம் பேசிய தாட்சர் ஆட்சிதான் கழற்றியது, இதைவிட வேடிக்கை கிடையாது. 1992-ல் ஸ்காட்லாந்தின் ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலை மூடியது. 1997-ல் ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ்களுக்குப் பூஜ்யம் இடம். வருடங்கள் இங்கே பொருந்துகின்றன, பேரரசோடு பொருந்தவில்லை.

வடகடல்:

கருங்குயில், கணக்கு நல்லது, ஆனால் கிளாஸ்கோவில் நின்று பார்த்தால் இரண்டையும் அப்படி வெட்டிப் பிரிக்க ஏலாது. கிளைடு கப்பல்கட்டும் தளங்கள் யாருக்காகக் கட்டின? ஸ்பிரிங்பர்னில் செய்த ரயில் இன்ஜின்கள் எங்கே போயின? பெரும்பகுதி இந்தியாவுக்கும் மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும். டன்டி நகரம் முழுக்க வங்காளத்துச் சணலில் ஓடியது. 1938-ல் இங்கே பெல்லஹூஸ்டன் பூங்காவில் பேரரசுக் கண்காட்சி நடத்தியபோது லட்சக்கணக்கில் சனம் போனது. கொடி இறங்கின மறுநாளே தொழிற்சாலை மூடாது, ஆர்டர் குறைந்து, இயந்திரம் பழசாகி, இருபது முப்பது வருடம் எடுக்கும். நீங்கள் 1980-களில் பார்க்கும் மூடுவிழாக்களில் ஒரு பங்கு 1947-ன் பில், தாமதமாக வந்தது. 1955 தேர்தல் அதை மறுக்கவில்லை.

இன்னொன்று, 1955-ல் யூனியனிஸ்டுகளுக்குப் போட்டவர்களில் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் கனபேர். புராட்டஸ்டன்ட் பக்கத்து ரேஞ்சர்ஸும் கத்தோலிக்கப் பக்கத்து செல்டிக்கும் கால்பந்தில் சண்டை போடும் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், பழையபேட்டை சொன்ன அந்த 18-ஆம் நூற்றாண்டு மதப் பசை இங்கே 1950-களிலும் காயவில்லை. தேவாலயம் போகிறவர்கள் குறைந்தபோது அந்த வாக்கும் குறைந்தது.

பழையபேட்டை:

நன்றி வடகடல் 😀 அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

மிளகுரசம்:

மருத்துவமனை, ரேஷன் என்று இனிக்க இனிக்கச் சொல்கிறீர்கள், அதே 1948-ல் இன்னொரு சட்டமும் வந்தது. பிரிட்டனில் பிறந்தவருக்கும் ஜமைக்காவில் பிறந்தவருக்கும் ஒரே குடியுரிமை. அந்த வருடம் ஜூனில் கரீபியன் தீவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் லண்டன் பக்கம் டில்பரிக்கு வந்தது. காகிதத்தில் எல்லாரும் பிரிட்டிஷ். நேரில் வந்து நின்றதும் என்ன ஆயிற்று? 1962-ல் கட்டுப்பாடு. 1968-ல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்த ஆசியர்களைத் தடுக்க மூன்றே நாளில் ஒரு சட்டம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்று. நேரடியாக நிறம் என்று எழுதவில்லை, வேறென்ன? கொண்டுவந்தது லேபர் அரசு. நீங்கள் கொண்டாடுகிற அந்த நலன்புரி அரசின் காலத்தில்தான் யார் உள்ளே யார் வெளியே என்ற வேலி கட்டப்பட்டது, பகிர்ந்துகொள்ள ஒன்று இருந்தால்தானே யாருக்குப் பங்கு இல்லை என்ற கேள்வி வரும்.

அதே 1968 ஏப்ரல் 20 அன்றுதான் குடியேற்றத்தை எதிர்த்து கன்சர்வேட்டிவ் எம்.பி. ஈனாக் பவலின் பர்மிங்ஹாம் பேச்சு. லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். தீவிர வலதுசாரிக் கட்சிகளும் முளைத்தன, 1967-ல் நேஷனல் ஃப்ரன்ட், 1982-ல் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி. இதன் பிறகு அந்த ஊரில் ஒருவன் தன்னை பிரிட்டிஷ் தேசியவாதி என்று சொன்னால் மொட்டைத்தலையும் பூட்ஸும்தான் ஞாபகம் வரும் என்று ஆகிவிட்டது.

தேன்கூடு:

ஆனால் விளைவு தலைகீழாக வந்ததே மிளகுரசம். பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு இவர்கள் அலைந்தும், இங்கிலாந்தில் பிறந்த ஆசிய, கறுப்பினப் பிள்ளைகள் பலர் தங்களை பிரிட்டிஷ் என்று சொல்லத் தயங்குவதில்லை, இங்கிலீஷ் என்று சொல்லத்தான் தயங்குகிறார்கள். பேரரசும் பாஸ்போர்ட்டும் கலந்த பெயர் என்பதால் அதில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது போல.

வடகடல்:

உண்மை. லண்டன் ஹாரோவில் இருக்கிற என் மச்சானின் பிள்ளைகள் பிரிட்டிஷ் தமிழ் என்பார்கள், இங்கிலீஷ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் பிள்ளைகள் நேராக ஸ்காட்டிஷ் என்கிறார்கள், அதுவும் எங்களுக்கு விளங்காத கிளாஸ்கோ உச்சரிப்பில். 1990-ல் கன்சர்வேட்டிவ் தலைவர்களில் ஒருவரான நார்மன் டெபிட், வந்தேறிகள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றாரே, ஸ்காட்லாந்துக்காரர்களிடம் அந்தச் சோதனையைக் கால்பந்தில் வைத்தால் இங்கே ஒருவரும் தேறமாட்டார்கள்.

பழையபேட்டை:

கால்பந்து என்றதும் ஞாபகம் வருகிறது. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டப் படங்களைப் பாருங்கள், இங்கிலாந்து ரசிகர்கள் கையில் யூனியன் ஜாக். 1996 யூரோ போட்டியில் அதே வெம்ப்ளியில் எங்கும் இங்கிலாந்தின் தனிக் கொடியான செயின்ட் ஜார்ஜ் சிலுவை. நடுவில் முப்பது வருடம். பிரிட்டனும் இங்கிலாந்தும் ஒன்றுதான் என்று அலட்சியமாக இருந்தவர்கள் வேறென்று கவனிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். 1999-ல் எடின்பரோவுக்கும் கார்டிஃபுக்கும் சட்டமன்றம் வந்தது, இங்கிலாந்துக்குத் தனியாக இன்றுவரை இல்லை. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் இங்கிலாந்து 53.4 சதவீதம் வெளியேறச் சொன்னது, ஸ்காட்லாந்து 62 சதவீதம் இருக்கச் சொன்னது. வேல்ஸும் வெளியே என்றுதான் சொன்னது, அதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கருங்குயில்:

இங்கிலீஷ் தேசியம் எழுந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கணக்கெடுப்பைப் பாருங்கள், தமாஷாக இருக்கும். 2011-ல் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்த்து ‘இங்கிலீஷ் மட்டும்’ என்றவர்கள் 57.7 சதவீதம், ‘பிரிட்டிஷ் மட்டும்’ 19.1. பத்து வருடம் கழித்து 2021-ல் இங்கிலீஷ் மட்டும் 14.9, பிரிட்டிஷ் மட்டும் 54.8. நடுவில் பிரெக்ஸிட் வேறு. தேசமே ஒரே இரவில் மனம் மாறிவிட்டதா? இங்கிலாந்துப் படிவத்தில் ‘பிரிட்டிஷ்’ என்ற கட்டத்தை முதல் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். புள்ளிவிவர அலுவலகமே அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எச்சரித்தது. வேல்ஸில் ‘வெல்ஷ்’ முதலிலேயே இருந்தது, அங்கே இப்படிக் குட்டிக்கரணம் இல்லை. இங்கிலாந்தில் கோடிக்கணக்கான பேருக்கு இரண்டில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே போதும் என்கிற அளவுக்குத்தான் இந்த அடையாளம் கனக்கிறது.

தேன்கூடு:

இங்கிலாந்தில் வேண்டுமானால் அப்படி. வட அயர்லாந்தில் எவனும் கட்டத்தை மாற்றி டிக் அடிக்க மாட்டான். 1912 செப்டம்பரில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று வடபகுதியான அல்ஸ்டரின் உடன்படிக்கையிலும் பெண்களுக்கான பிரகடனத்திலுமாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், பிரிட்டிஷாக இருப்பதற்காக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே எதிர்ப்போம் என்று. 2021 கணக்கில் அங்கே பிரிட்டிஷ் மட்டும் 31.9, ஐரிஷ் மட்டும் 29.1, வட ஐரிஷ் மட்டும் 19.8. அதே வருடம் ஜனவரியில் பிரெக்ஸிட் ஒப்பந்தப்படி சுங்கச் சோதனையை ஐரிஷ் கடலில் வைத்தார்கள், கிரேட் பிரிட்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குச் சரக்கு போகப் படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று. பிரிட்டனோடுதான் இருப்போம் என்கிற அங்கத்து யூனியனிஸ்டுகள் கொதித்தார்கள், லண்டன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டது. பவல்கூட 1974-ல் அங்கே சவுத் டவுன் தொகுதிக்குத்தான் போனார். கருங்குயில், உங்கள் மருத்துவமனைத் தேசியத்தை வைத்து இந்த ஆட்களை எப்படி விளக்குவீர்கள்? அங்கே இரண்டு தரப்பு ஆளும் அதே மருத்துவமனைக்குத்தானே போகிறான்.

கருங்குயில்:

பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டன்ட் ஷாங்கில் தெருவும் கத்தோலிக்க ஃபால்ஸ் தெருவும் ஒரே ஓய்வூதியம் வாங்கியும் ஒட்டவில்லை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே 1921-லிருந்து 1972 வரை ஸ்டோர்மான்ட் எனப்பட்ட வட அயர்லாந்தின் சொந்த ஆட்சி வீடு ஒதுக்குவதிலும் உள்ளாட்சி வாக்கிலும் யாரைத் தன் ஆளாக நடத்தியது என்று பார்த்தால் உங்கள் பஞ்ச வாதமே திரும்ப வருகிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன், இங்கே போட்டால் தொலைந்துவிடும். வடகடல், ஸ்பிரிங்பர்ன் இன்ஜின் தொழிற்சாலை மூடிய கதையை நேரம் கிடைத்தால் விரிவாக எழுதுங்கள், 1947-ன் பில் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, டீசலுக்கு மாறாததும் காரணம் என்று நினைக்கிறேன்.